அப்பா பார்க்காமல் போன கடைசி இரண்டு நிமிடம்

22.07.2024
குடியாத்தம்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
திரையரங்க நிர்வாகம், வேலூர்.

பொருள்: 14.07.2024 மாலைக் காட்சியில் சொல்லாமல் அரங்கை மாற்றியதும், படம் முடியும் முன்பே நிறுத்தியதும்.

ஐயா,

அன்று ஞாயிற்றுக்கிழமை, ‘இந்தியன் 2’ பார்க்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு உங்கள் தியேட்டருக்கு வந்தேன். அப்பாவுக்கு 69 வயது. கைத்தறி நெசவாளர், குழித்தறியில் மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்துபோனவர். அதனால்தான் ஆன்லைனில் தேடித் தரைத்தள அரங்கில், நடைவழி ஓரமாக இரண்டு சீட் எடுத்தேன். வந்து நின்றால் காட்சியை மாடிக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். போனுக்கு எந்தத் தகவலும் இல்லை. லிஃப்ட்டும் ஓடவில்லை. கைப்பிடியைப் பிடித்து, நான்கு இடத்தில் நின்று நின்று ஏறினார். நாங்கள் உட்காரும்போது படம் தொடங்கிப் பத்து நிமிடம் போயிருந்தது.

வேறு படமாக இருந்தால் விட்டிருப்பேன். 1996 மே மாதம் ‘இந்தியன்’ வந்தபோது, கத்திரி வெயிலில் பஸ் பிடித்து என்னை வேலூருக்குக் கூட்டிவந்து காட்டியவர் அப்பா. அவரும் கமலும் 1954இல் பிறந்தவர்கள். அப்போது இருவருக்கும் 41. அந்த வயதில் கமல் கிழவராக நடந்த நடையை அப்பா வீட்டில் நடந்து காட்டுவார், விரலை மடக்கி வர்மம் போடுவார், நாங்கள் ஓடுவோம். கமலுக்குத் தேசிய விருது கிடைத்தபோது தறியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த பாகம் வர 28 வருடம் ஆகிவிட்டது. நடித்துக் காட்டிய அதே நடைதான் இப்போது அப்பாவின் நடை. முதல் படத்தில் கமல் நடித்த கிழவர் சேனாபதியைத் தேடிவந்த அதிகாரியாக நடித்த நெடுமுடி வேணு 2021இல் காலமாகிவிட்டார். அவரைக் கணினியின் உதவியோடு இதிலும் காட்டுகிறார்கள். அவர் முகம் வந்ததும் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். “இவரு போயிட்டாரேப்பா” என்றார். அந்தக் காட்சி முடிந்தும் பிடியை விடவில்லை.

படம் எனக்கும் நீளமாகத்தான் பட்டது. அதற்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் முடிவில் பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே விளக்கைப் போட்டு, திரையை அணைத்து, துடைப்பத்தோடு ஆட்களை உள்ளே அனுப்பியது உங்கள் நிர்வாகம். அப்பா எழுந்து நிற்கவே நேரம் பிடிக்கும். “சீக்கிரம் பெரியவரே, அடுத்த ஷோ இருக்கு” என்று ஊழியர் அவசரப்படுத்தினார்.

மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம் கடைசியில் வருகிறது என்பது மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அதில் கமல் இளமைத் தோற்றத்தில் வருகிறாராம். அப்பா கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். அப்புறம், “நம்ம பார்க்கலையே” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு டிக்கெட்டின் பணத்தையும் முன்பதிவுக் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும். அரங்கை மாற்றினால் முன்கூட்டியே போனில் சொல்லுங்கள். லிஃப்ட்டைச் சரிசெய்யுங்கள், அதுவரை மாடிக் காட்சிக்கு டிக்கெட் எடுக்கும்போதே லிஃப்ட் இல்லை என்று தெரிவியுங்கள். திரையில் கடைசி எழுத்து ஓடி முடியும்வரை விளக்கைப் போடாதீர்கள்.

படம் உங்கள் தியேட்டரை விட்டுப் போவதற்குள், தரைத்தளத்தில் ஒரு காட்சிக்கு அப்பாவுக்கு இடம் ஒதுக்கித் தாருங்கள். டிக்கெட்டுக்கு நானே பணம் கொடுத்துவிடுகிறேன். டிக்கெட் நகலை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து வந்த உங்கள் வாடிக்கையாளர்