வார்னிஷ் மட்டும் அடித்துவிடாதே

ஜார்ஜ்டவுன், பினாங்கு,
ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

நீ எழுதி இரண்டு மாதம் ஆகிவிட்டது. பதில் போடாதது என் தப்புதான். முதலில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் தைப்பூசம் வந்துவிட்டது. மூன்று நாளும் தண்ணீர்மலைப் பந்தலில் நின்றேன். அம்மா இப்போது நலம். உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இன்றைக்கே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் கடிதத்தின் கடைசி வரி. விற்கும் முன்னால் கிட்டாருக்கு வார்னிஷ் அடித்துப் புதுசு மாதிரி ஆக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் மச்சான், தொடாதே.

நேற்று என் யமஹா கிட்டாரை விற்றேன். ஆமாம், அந்த எஃப்ஜி 180தான், நெட்டையன் காப்பி கொட்டினானே, அதேதான். வாங்க வந்தது புக்கிட் மெர்த்தாஜாம் பையன். காப்பிக் கறையை அவன் பொருட்படுத்தவே இல்லை. டார்ச்சும் குட்டிக் கண்ணாடியும் கொண்டுவந்திருந்தான். ஓட்டைக்குள் வெளிச்சம் அடித்துச் சிவப்பு லேபிளைப் படித்தான். உள்கட்டைகளில் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு பையிலிருந்து ஒரு நேம் கார்டை எடுத்து, கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் மெதுவாகச் செருகினான். நுழையவில்லை; பிரிட்ஜ் பெயராமல் இருக்கிறது என்று அர்த்தம். தச்சர் பலகையின் நேர்மையைப் பார்ப்பாரே, அதே மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைப் பார்த்தான். கடைசியாக ஒரே ஒரு கேள்வி: "அங்கிள், மேலே யாரும் பெயின்ட் அடிக்கலையே?" இல்லை என்றதும்தான் பணத்தை எடுத்தான். 1,500 வெள்ளி. பத்து வருஷத்துக்கு முன் ஆயர் ஈத்தாமில் நான் கொடுத்தது 600.

அந்தக் கேள்வியில்தான் உன் வரி ஞாபகம் வந்தது. கீறல், தேய்மானம், வியர்வைக் கறை எல்லாம் விலையைக் கொஞ்சம்தான் குறைக்கும். மேல்பூச்சை மாற்றிவிட்டால் நல்ல கிட்டாருக்குப் பெரிய அடி விழும். கனமாகப் பூசினால் பலகை அதிர்வதும் மட்டுப்படும். பழையபடி ஆக்கவும் வழியில்லை.

ஒன்று சொல்கிறேன், என் யமஹாவை வைத்து உன்னுடையதைக் கணக்குப் போடாதே. என்னுடையது மேலே ஒட்டுப்பலகை. பொதுவாக ஒட்டுப்பலகைக் கிட்டார் கடையைவிட்டு வெளியே வந்ததுமே விலை இறங்கும், அப்புறம் ஏறாது. 1966இல் வந்த இந்த ஜப்பான் சிவப்பு லேபிள்களை மட்டும் ஆட்கள் தேடி வாங்குகிறார்கள். அதோடு, ஒட்டுப்பலகை நம் ஊர்ப் புழுக்கத்தை நன்றாகவே தாங்கும்.

உன் மார்ட்டின் டி-28 முழுமரம். சத்தம் இனிமை, விலையும் நிற்கும், ஆனால் ஈரத்தைக் குடிக்கும். இவற்றுக்கு 45இலிருந்து 55 சதவீத ஈரப்பதம் போதும்; நம் ஊர்க் காற்றில் 80 சர்வசாதாரணம். பலகை ஊதும், பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு மாதிரி மேடு தட்டும், கம்பி உயரும். அதற்கு மேல் போனால் கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்த வேண்டும், அந்தச் செலவை வாங்குகிறவன் உன் விலையில்தான் கழிப்பான். நீயோ செந்தூல் ஃபிளாட்டில் அதை ஜன்னல் ஓரம் நிற்கவைத்திருக்கிறாய்! கேமரன் மலைப் பயணத்தில் வெயிலில் காருக்குள் பூட்டி வைத்ததை நான் இன்னும் மறக்கவில்லை. சூட்டில் பசை இளகும். இன்றைக்கே பெட்டிக்குள் வை.

உன் கிட்டாரை வாங்க நினைக்கும் சிங்கப்பூர்க்காரர் அது தடை செய்த மரமா என்று கேட்டதற்கும் நீ பயப்பட வேண்டாம். மாமாக் கடையில் அன்று அது பிரேசில் ரோஸ்வுட் என்று அடித்துச் சொன்னாய். மார்ட்டின் டி-28க்குப் பிரேசில் மரம் போட்டது 1969 வரைதான். அந்த மரத்துக்கு 1992 முதல் சர்வதேசத் தடை; எல்லை தாண்டி விற்பது பெரிய தலைவலி. உன்னுடையதை நீ வாங்கியது 2011இல், புதிதாக. அது நம் ஈட்டி மரம் மச்சான், இந்தியாவிலிருந்து போனது. 2017இல் அதற்கும் கட்டுப்பாடு வந்தது, ஆனால் 2019 கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். சீரியல் எண்ணை எனக்கு அனுப்பு, எந்த வருஷம் செய்தது என்று உறுதியாகப் பார்த்துச் சொல்கிறேன்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதுசாக வாங்கியவனுக்கு முதல் நஷ்டம் உறுதி, மூன்றில் ஒரு பங்கு போனதாக வைத்துக்கொள். அந்த நஷ்டம் உனக்கு எப்போதோ முடிந்துவிட்டது. இனி ஒழுங்காக வைத்திருந்தால் இன்று விற்றாலும் ஐந்து வருஷம் கழித்து விற்றாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் அவசரமே வேண்டாம். கடையில் கொண்டுபோய்க் கொடுக்காதே, அவர்கள் லாபம் வைத்துத்தான் எடுப்பார்கள். நேராக வாசிக்கிற ஆளிடம் கொடு.

மச்சான், நீ எழுதாததையும் கேட்டுவிடுகிறேன். மகனின் காலேஜ் பணத்துக்காகவா விற்கிறாய்? உன் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி விடியவிடிய வாசித்த விரல் உன்னுடையது. அந்தக் கைக்கு அடுத்த கிட்டார் எப்போது வரும் என்று யோசித்தாயா? நேற்று வந்த 1,500 வெள்ளி மேசை டிராயரில் அப்படியே இருக்கிறது. இந்த செமஸ்டருக்கு அதை வைத்துக்கொள். வட்டி கிட்டி என்று பேசினால் எனக்குக் கோபம் வரும்.

சனிக்கிழமை காலை ஈடிஎஸ் ரயிலில் வருகிறேன், கையில் ஒரு நேம் கார்டோடு. நான் பார்க்கும்வரை சிங்கப்பூர்க்காரரிடம் விலை பேசாதே. தங்கச்சியிடம் சொல்லிவிடு, மதியம் உங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

உன்,
குட்டை