சின்னக் காடி எங்கே லாபம், எங்கே நட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவில் பட்டணத்துக்குள் சுற்றச் சின்னக் காடியே (காரே) போதும் என்பவர்கள் முதலில் சொல்லும் காரணம், நிறுத்த இடம் அதிகம் பிடிக்காது என்பது. இருப்பதிலேயே சொத்தையான காரணம் அதுதான். கோடு போட்ட பெட்டிக்குள் பெரோடுவாவின் சின்னக் காடியான கஞ்சில் நின்றாலும் பெரிய வேன் நின்றாலும் ஒரு பெட்டி போனது போனதுதான். கடைவீதியில் 50 மீட்டர் ஓரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர்ப் பெட்டிகளாகக் கோடு போட்டால் எந்தக் காடியானாலும் 8தான் நிற்கும். கோடே இல்லாமல் 1 மீட்டர் இடைவெளி விட்டு நிறுத்தினால் 4.5 மீட்டர் காடிகள் 9, 3.4 மீட்டர் காடிகள் 11. பெயின்ட் அடித்ததும் அந்த லாபம் போய்விடுகிறது.

மெய்யான லாபம் அகலத்திலும் எடையிலும் இருக்கிறது. 1994இல் வந்த கஞ்சிலின் அகலம் 1.4 மீட்டர்தான்; மலாயில் சருகுமானைக் குறிக்கும் அந்தப் பெயர் பொருத்தமே. கடைகளின் பின்சந்தில் லோரி சரக்கு இறக்கிக்கொண்டிருந்தாலும் ஒதுங்கிப் போய்விடும். எடை 700 கிலோவுக்குள் என்பதால் டயரும் பிரேக்கும் மெதுவாகத் தேயும். சாலை வரி தீபகற்ப மலேசியாவில் 1000 சிசி வரை ஆண்டுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்), 1.5 லிட்டர் காடிக்கு 90 வெள்ளி. பெரோடுவாவின் இன்னொரு சின்னக் காடியான ஆக்சியா 998 சிசி, அதுவும் 20 வெள்ளிக்குள் அடங்கிவிடும்.

பட்டணத்தை விட்டுத் தோட்டத்துச் செம்மண் பாதையில் இறங்கினால் கதை வேறு. 145/70 அளவுள்ள 12 அங்குல டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 51 சென்டிமீட்டர். 175/65 அளவில் 14 அங்குலம் என்றால் 58. முப்பது சென்டிமீட்டர் அகலக் குழியில் சின்னது 4.9 சென்டிமீட்டர் இறங்கும், மற்றது 4.2. வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் சின்னச் சக்கரம் குழியின் விளிம்பில் இன்னும் செங்குத்தாக மோதுகிறது. ரிம் நெளிவதும் அப்சார்பர் கசிவதும் அதனால்தான். கஞ்சிலில் ஐந்து பெரியவர்கள் ஏறினால் ஆளுக்கு 65 கிலோ வைத்தாலும் 325 கிலோ, காடியின் எடையில் பாதி. சின்னக் காடிகளுக்கே பேர்போன ஜப்பானில் 660 சிசி வகைக்கு நான்கு பேர்தான் வரம்பு. நிறைய பேர் ஏறும் நாளில், கதவோர ஒட்டுத்தாளில் முழுச் சுமைக்கென்று போட்டிருக்கும் அளவுக்குக் காற்று அடியுங்கள். டயர் சூடேறும் முன் அளக்க வேண்டும்.

அடுத்தது டிரைவ் ஷாஃப்ட் ரப்பர், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை. அது கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மணல் உள்ளே போகும். திருப்பும்போது டக் டக் என்று கேட்டால் காலம் கடந்துவிட்டது, அந்த மூட்டு முழுவதையும் மாற்ற வேண்டும். ரப்பர் வெடிக்கத் தொடங்கும்போதே மாற்றினால் செலவு மிகக் குறைவு.

பழைய காடிகளைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான். சின்ன ரேடியேட்டர், செம்மண் தூசியும் புல்லும் அதன் இடுக்குகளில் அடைத்துக்கொள்ளும். இயந்திரப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய வேகத்தில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். ஓங்கி அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டுவதை விட்டுவிட்டுக் கூலண்ட் ஊற்றுங்கள். ரேடியேட்டர் மின்விசிறி சுற்றாமல் நின்று இயந்திரத்தின் அலுமினியத் தலைப்பகுதி ஒருமுறை வளைந்தால், அதன் அடியிலுள்ள காஸ்கெட்டை மட்டும் மாற்றினாலும் பழையபடி வராது. கஞ்சில் தயாரிப்பு 2009இல் நின்றுவிட்டது. இன்று விலைக்கு வரும் ஒவ்வொன்றையும் வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

ஈப்போவுக்குத் தினமும் நெடுஞ்சாலையில் போய்வருகிறவர்களுக்குக் காற்றுப்பையில்லாத பழைய 660 சிசி காடி வேண்டவே வேண்டாம். மோதலில் லேசான வண்டிதான் அதிகம் தூக்கியெறியப்படும். எதிரே வருவது செம்பனைக் குலை லோரி. காற்றுப்பையுள்ள 1000 சிசி காடிக்கு மாறிக்கொள்ளுங்கள். பட்டணத்துக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் நன்றாகப் பராமரித்த கஞ்சிலை விற்க அவசரப்பட வேண்டாம்.

நகராண்மைக் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். கடைவீதிகளில் சில பெட்டிகளை 5 மீட்டராகக் குறுக்கினால் 30 மீட்டரில் 5 இடம் 6 ஆகும். நடுவீதியில் செய்தால் முதல் வாரமே நீளக் காடிகள் வந்து கோட்டைத் தாண்டி நிற்கும். எனவே வரிசை முடியும் இடத்தில், 6 மீட்டர் தேறாமல் சும்மா கிடக்கும் துண்டுகளில் முதலில் கோடு போட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாகனப் பட்டறைத் தொழிலாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்