எத்தனை முறை கேட்டு எழுதுகிறார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசை விமர்சனப் பகுதியில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்துக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்துவிட்டு, "வேலை பார்க்கும்போது பின்னணியில் ஓடவிட உகந்தது" என்று முடித்திருந்தார் உங்கள் விமர்சகர். அந்த வரியைப் படித்ததும் இதழை மூடி வைத்தவள், மீதிப் பக்கங்களை இரண்டு நாள் கழித்துத்தான் திறந்தேன்.

அவரும் அப்படிப் பின்னணியில் ஓடவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். அதற்கு முந்தைய வரியே அதைச் சொல்லிவிடுகிறது: "பியானோ கலைஞர் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி வாசிக்கிறார்." உங்களுக்குத் தெரியாததில்லை, அந்த ஆல்பத்தில் பியானோ வாசித்தவர்கள் இரண்டு பேர். ஐந்து உருப்படிகளில் நான்கில் பில் எவன்ஸ், இரண்டாவதில் மட்டும் விண்டன் கெல்லி. எவன்ஸ் ஒரு சுரத்தை வைத்துவிட்டு அது அடங்கும்வரை காத்திருப்பார். கெல்லியின் விரல்கள் துள்ளிக்கொண்டே வரும். கொஞ்சம் காது கொடுத்தால்கூடப் பிடிபடுகிற வித்தியாசம் இது.

நான் வயலின் சொல்லிக்கொடுப்பவள். படிக்கிற வயதில் இந்த ஆல்பத்தின் கேசட் கிடைத்தது. அதோடு சேர்ந்து வாசித்துப் பார்ப்பது அப்போது எனக்குப் பெரிய ஆசை. ஆனால் முதல் பக்கத்தில் சுருதி சேரவே சேராது. நூலிழை அளவு மேலே நிற்கும். தந்திகளை முறுக்கி அதற்குச் சேர்த்துவிட்டு, கேசட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கத்துக்கு என் வயலின் ஏறி நிற்கும். பிளேயரில் கோளாறு என்றால் இரண்டு பக்கமும்தானே கெட வேண்டும்? அதனால் என் காதில்தான் குறை என்று முடிவுகட்டினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அதையே சொன்னார். பல வருஷம் அந்தச் சந்தேகத்தோடுதான் வாசித்தேன்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் 1959 மார்ச் 2ஆம் தேதி பதிவானவை. அன்றைக்கு ஓடிய டேப் இயந்திரங்களில் ஒன்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் இசை வேகம் கூடி, சுருதியும் ஏறிவிடும். இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22ஆம் தேதி பதிவானது, அதில் சிக்கல் இல்லை. 1990களில் வந்த மறுபதிப்புகளில்தான் சரிசெய்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் உலகமே ஏறிய சுருதியில் கேட்டிருக்கிறது. இதைப் படித்த அன்று நான் அழுதேன், ஆசிரியர் அவர்களே. இப்படியொரு ஆல்பத்தை எந்தப் பதிப்பில் கேட்டார் என்றுகூட உங்கள் விமர்சகர் எழுதவில்லை.

இது முதல் முறையும் இல்லை. பியானோ கலைஞர் கிளென் கூல்ட் வாசித்த பாஹின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' பற்றி எழுதியபோது, 1981 பதிவு 51 நிமிடம், 1955 பதிவு 38 நிமிடம், ஆகவே கலைஞர் வயதில் தளர்ந்துவிட்டார் என்று முடித்தீர்கள். முதல் பதிவில் அவர் எந்தப் பகுதியையும் இரண்டாம் முறை வாசிக்கவில்லை. பிந்தையதில் சிலவற்றைத் திருப்பி வாசித்தார். நிமிடம் கூடியதில் அதற்கும் பங்கு உண்டு. மெதுவாக வாசித்த இடங்களும் அவர் யோசித்துத் தேர்ந்துகொண்டவை. இரண்டு பதிவுகளும் நியூயார்க்கில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில், ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த அதே கூடத்தில் நடந்தவை. 'கைண்ட் ஆஃப் புளூ'வும் அங்கேதான். அந்தக் கூடத்தின் ஒலியைப் பற்றி ஒரு சொல்லாவது எழுதியிருக்கலாம்.

இன்னொரு இதழில், பழைய இசைத்தட்டு ஒன்று "நாற்பதே நிமிடத்தில் முடிந்து ஏமாற்றுகிறது" என்றீர்கள். 1948இல் வந்த எல்.பி. எனும் நீண்ட நேர இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடம்தான் கொள்ளும். எந்தப் பாடலோடு பக்கம் முடிய வேண்டும், எதில் மறுபக்கம் தொடங்க வேண்டும் என்று யோசித்து அடுக்கினார்கள். அதைக் குறையாகச் சொல்லலாமா?

ஹெவி மெட்டல் ராக் இசை ஆல்பம் என்றால் "பாடகர் கத்துகிறார்" என்ற வரி வந்துவிடுகிறது. நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். என் மகன் ஒருநாள் ஹெட்போனை என் தலையில் மாட்டி, "அம்மா, குரலை விடு, டிரம்ஸை மட்டும் கேள்" என்றான். இரண்டு கால்களாலும் மாறி மாறி மிதிக்கிற பேஸ் டிரம்மை, அந்த வேகத்திலும் ஓர் அடி பிசகாத கணக்கை அன்றைக்குத்தான் கேட்டேன். நான்கு நாள் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு அந்தக் குரலும் ஒரு வாத்தியமாகக் கேட்கத் தொடங்கியது. ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதியிருந்தால் நானும் இரண்டு நட்சத்திரம்தான் போட்டிருப்பேன்.

முன்பு ஒருமுறை, ஒரு வயலின் ஆல்பத்தின் விமர்சனத்தில் மிருதங்கம் வாசித்தவரின் பெயர் விடுபட்டதைப் பற்றி உங்களுக்கு எழுதினேன். கடிதத்தை வெளியிட்டீர்கள், நன்றி. ஆனால் அந்த ஒரு பத்தியை எடுத்துவிட்டு, இதழைப் பாராட்டிய பத்தியை மட்டும் போட்டிருந்தீர்கள். இவ்வளவு காலம் உங்களைப் படிக்கிறவளுக்கு அது வலித்தது.

நான் கேட்பது இரண்டே வரிதான். ஒவ்வொரு விமர்சனத்தின் கீழும், எந்த வருடத்துப் பதிவு, எந்தப் பதிப்பைக் கேட்டார், வாசித்தவர்கள் யார் யார் என்று ஒரு வரி. எத்தனை முறை கேட்டார் என்று இன்னொரு வரி. நட்சத்திரங்களை எடுத்தால் அதற்கான இடம் கிடைத்துவிடும்.

உங்கள் விமர்சகருக்கு இந்தக் கடிதத்தைக் கொடுங்கள். அந்த ஆல்பத்தின் இரண்டாவது, மூன்றாவது உருப்படிகளை வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் அடுத்தடுத்துக் கேட்கட்டும். இரண்டும் சேர்ந்து கால் மணி நேரம்தான். கெல்லி எழுந்துபோய் எவன்ஸ் வந்து உட்காருவது அவருக்கே கேட்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி