செஞ்சிலுவையைப் பலகையிலிருந்து இறக்குங்கள்

டெல்டா மாவட்டங்களில் மருத்துவமனை, மருந்துக்கடை, ஆம்புலன்ஸ் நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். ராணுவ மருத்துவப் படையில் 20 ஆண்டுகள் நர்சிங் உதவியாளராக இருந்துவிட்டு, இப்போது மன்னார்குடிப் பக்கம் சொந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வைகாசியில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி ஓடினேன். வண்டியிலிருந்து அண்டாவும் குத்துவிளக்கும் இறங்கின. நான்கு பக்கமும் செஞ்சிலுவை! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெள்ளைத் தரையில் சிவப்புச் சிலுவை மருத்துவத்தின் பொது அடையாளம் அல்ல. வேளாங்கண்ணிச் சிலுவைக்கும் இதற்கும் உறவில்லை. சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களை இடம் மாற்றியது இது. போர்க்களத்தில் காயம்பட்டவரையும் அவருக்கு மருந்திடுபவரையும் காப்பதற்காக 1864-இல் ஜெனீவாவில் நாடுகள் ஒப்புக்கொண்ட சின்னம். 1949 உடன்படிக்கைப்படி, இந்தச் சின்னம் பொறித்து ராணுவ முத்திரையிட்ட பட்டையை மருத்துவப் பணியாளர் இடது கையில் கட்டுவார். அவரைச் சுடக்கூடாது, பிடிபட்டாலும் அவர் போர்க்கைதி அல்லர். அதற்கு ஈடாக எங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. எங்கள் ஆயுதம் எங்களையும் நோயாளியையும் காக்க மட்டுமே. எதிரிச் சிப்பாய் அடிபட்டுக் கிடந்தாலும் கட்டுப்போட வேண்டும். யாருக்கு முதலில் என்பதைச் சீருடை அல்ல, காயமே முடிவுசெய்யும். ‘சர்வே சந்து நிராமயா’, எல்லோரும் நோயின்றி இருக்கட்டும் என்பதுதான் எங்கள் படையின் வாசகம். 1951 மார்ச்சில் கொரியப் போரில், நம் ராணுவத்தின் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் தலைமையிலான 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவினர் அமெரிக்க வீரர்களோடு விமானத்திலிருந்து குதித்தது காயம்பட்டோருக்குச் சிகிச்சை தரத்தான்.

தூரத்திலிருந்து குறிபார்ப்பவனுக்கு எங்கள் அடையாள அட்டை தெரியாது. அந்தச் சிலுவை மட்டுமே தெரியும். அண்டா ஏற்றும் வண்டியிலும் அதைப் பார்த்துப் பழகிய கண், களத்தில் அதை எப்படி நம்பும்?

இந்தியாவின் 1960 ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம், மத்திய அரசின் ஒப்புதலின்றி இச்சின்னத்தைப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது. அபராதம் 500 ரூபாய் வரைதான். அதனால்தான் சட்டத்தைக் காட்டி மிரட்டாமல் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மருந்துக்கடைக்குப் பச்சைச் சிலுவை போதும். வண்டிக்கு ‘ஆம்புலன்ஸ்’ என்ற எழுத்தும் சுழல் விளக்கும் போதும். அடுத்த முறை எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) பெயின்ட் அடிக்கும்போது அழித்துவிடுங்கள்.

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் இருப்பவர்கள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பெயின்டும் பிரஷ்ஷும் நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவப் பணியாளர்