ஆகஸ்டில் மறுபடி பள்ளி திறந்தோம்

ஏற்காடு
ஞாயிறு இரவு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமையே படித்துவிட்டேன். அன்றே பதில் எழுத உட்கார்ந்திருந்தால் ஆறுதலாக நாலு வார்த்தை எழுதி முடித்திருப்பேன். உனக்கு அது போதாது என்று தெரியும். அதனால்தான் இரண்டு நாள் ஆறப்போட்டேன்.

"ஜூனிலிருந்து ஓடுகிறோம், ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை, ஒரு டீச்சர் மருத்துவ விடுப்பு கேட்கிறார், நான் என்ன செய்ய?" என்று எழுதியிருந்தாய். இங்கேயும் இந்த வருடம் அப்படித்தான் தொடங்கியது. எங்கள் தொடக்கப் பள்ளியில் 67 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 வரை இரண்டு ஆசிரியர், அதைத் தாண்டினால் மூன்று. மூன்றாவது ஆள் மாறுதல் கலந்தாய்வில் கீழே போய்விட்டார். அந்த இடம் ஆகஸ்ட் வரை காலி. ஐந்து வகுப்புக்குத் தலைமை ஆசிரியையான நானும், போன வருடம் வேலைக்கு வந்த இளம் டீச்சரும்தான்.

ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் அவளிடம். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து உட்கார வைக்க வேண்டும் இல்லையா? ஒரு வட்டத்தோடு அவள் உட்கார்ந்தால் மற்ற இரண்டு வட்டமும் எழுந்து ஓடும். போதாததற்கு ஜூன், ஜூலை மூடுபனி. சில நாள் பத்து மணிக்கும் வகுப்பறை இருட்டாக இருக்கும், கரண்டும் போய்விடும். அவள் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, வாந்தியை அடக்கிக்கொண்டு வந்து இறங்குவாள். இறங்கியதும் வருகைப் பதிவு, எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவேற்றம், விலையில்லாப் பொருள் பட்டியல், ஆதார் இல்லாத பிள்ளைகளின் விவரம்.

இதில் நான் செய்த தவறையும் உனக்குச் சொல்ல வேண்டும். ஜூலையில் ஒருநாள் நோட்டும் பேனாவுமாக அவள் வகுப்பில் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். மதியம் கூப்பிட்டு வரிசையாக ஏழு குறை சொன்னேன். எல்லாம் சரியான குறைதான். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். சாயங்காலம், பள்ளியில் காலை உணவு சமைக்கும் அக்கா வந்து, "டீச்சர் சமையல்கட்டுப் பின்னாடி நின்னு அழுதுட்டுப் போறாங்க" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மூழ்குகிற பிள்ளைக்குக் கரையில் நின்று நீச்சல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "உன் கையிலிருந்து எதை நான் வாங்கிக்கொள்ளட்டும்?" எமிஸ் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் கேட்டது முதல் அரை மணி நேரம். பஸ் கிறுகிறுப்பு தெளியும் முன் 38 பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பதுதான் தன்னால் முடியவில்லை என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அதிலிருந்து காலை உணவு முடிந்ததும் மொத்தப் பள்ளியையும் தாழ்வாரத்தில் உட்கார வைத்து நானே கதையும் பாட்டும் நடத்துகிறேன். அவள் ஒரு டம்ளர் சுக்குக் காப்பியோடு உட்கார்ந்து அன்றைய அட்டைகளை எடுத்து வைப்பாள். ஒரு வாரத்தில் அவள் குரல் மாறிவிட்டது.

பதிவேற்ற வேலையையும் நான் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் பள்ளி சம்பந்தமாக ஒரு வரியும் அனுப்புவதில்லை. மேலிருந்து ராத்திரி விவரம் கேட்டால் என்னிடம் இருப்பதை அனுப்புவேன், இல்லாததைக் காலையில்தான் கேட்பேன். இதற்காக இரண்டு முறை திட்டும் வாங்கினேன். பரவாயில்லை.

வகுப்பு மட்டும் அடங்கவில்லை. யோசித்துப் பார்த்தால், ஜூனில் அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பில் எப்படி இருப்பது என்று யாரும் சொல்லித்தரவே இல்லை. புத்தகம் கொடுத்தோம், சீருடை கொடுத்தோம், கணக்கெடுத்தோம், பாடத்தைத் தொடங்கிவிட்டோம். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு உறவு ஊருக்குப் போன பிள்ளைகளில் பாதி ஜூன் கடைசியில்தான் வந்தன. அதனால் ஆடிப் பண்டிகை விடுமுறை முடிந்த மறுநாள், இன்றுதான் பள்ளி திறக்கிறது என்று வைத்துக்கொண்டோம். வாசலில் கோலம் போட்டோம். மூன்று நாள் பாடமே நடத்தவில்லை. பை எங்கே வைப்பது, தண்ணீர் குடிக்க எப்படிப் போவது, பென்சில் முனை உடைந்தால் என்ன செய்வது, எல்லாவற்றையும் விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மேசையில் சொம்பைக் கவிழ்த்து வைத்தால் டீச்சர் வேறு வட்டத்தோடு இருக்கிறார், சந்தேகத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் கேள் என்று அர்த்தம். இப்போது சொம்பு கவிழ்ந்தால் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள்கூடக் கிசுகிசுவென்றுதான் பேசுகின்றன.

மூன்று நாள் பாடம் போகிறதே என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் எங்களுக்கு நவம்பர் ஒரு கெடு. காபிப் பழம் பறிக்கத் தொடங்கினால் அப்பா அம்மா இரண்டு பேரும் எஸ்டேட்டுக்குப் போவார்கள், பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும். அதற்குள் பள்ளி பிள்ளைகளுக்குப் பிடித்த இடமாகிவிட வேண்டும். புதிதாக வந்த மூன்றாவது ஆசிரியருக்கும் முதல் வாரம் பாடம் எதுவும் தரவில்லை. எங்கள் வகுப்புகளில் சும்மா உட்காரச் சொன்னேன், பிள்ளைகளின் பெயர் தெரிந்துகொள்ளட்டும் என்று.

உன்னுடையது நடுநிலைப் பள்ளி, ஆசிரியர்கள் அதிகம். எங்கள் சொம்பும் தாழ்வாரமும் அங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் விடுப்பு கேட்கும் அந்த டீச்சரிடம் முதலில் போ. கையில் நோட்டு வேண்டாம், அறிவுரை வேண்டாம், எதை வாங்கிக்கொள்ளட்டும் என்று மட்டும் கேள். விடுப்புதான் வேண்டும் என்றால் முகம் சுளிக்காமல் கொடு. உடம்பு முடியாதவரைப் பிடித்து நிறுத்தி என்ன ஆகப்போகிறது? சனிக்கிழமைக் கூட்டத்தை ஒரு மாதம் நிறுத்திப் பார். நீ நல்லெண்ணத்தில்தான் வைக்கிறாய், தெரியும். ஆனால் களைத்த ஆட்களுக்கு அது இன்னொரு வேலை.

அப்புறம், நீ எப்படி இருக்கிறாய்? நாலு பக்கக் கடிதத்தில் உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காலாண்டு விடுமுறையில் இரண்டு நாள் இங்கே வந்து இரு. ஆத்தூரிலிருந்து சேலம் வந்துவிட்டால் அங்கிருந்து மலைக்குப் பஸ் இருக்கிறது, ஜன்னல் ஓரமாக உட்கார். சாயங்காலம் மழை பிடித்துக்கொள்கிறது, குடையும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள். போன வருடம் நீ செய்து காட்டினாயே, புளியங்கொட்டைக் கணக்குப் பெட்டி, அதில் ஒன்று கொண்டு வா. இந்தப் பெண் பார்க்க வேண்டும் என்கிறாள்.

உன்,
விடுதி அறைத் தோழி