உன் மகளின் படிப்பு குறித்து

பாளையங்கோட்டை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பது அறிந்து நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். ஆடிச் சாரல் விடாமல் பெய்கிறது. தாமிரபரணியில் தண்ணீர் நன்றாகப் போகிறது.

மகள் உளவியல் படித்து மனித உறவுகளை ஆராயப் போகிறேன் என்கிறாள், 'புருஷன் பெண்டாட்டி சங்கதியில் ஆராய என்ன இருக்கிறது' என்று கேட்டிருக்கிறாய். அமெரிக்காவில் ஒரு செனட்டரே இப்படிக் கேட்டார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் எலன் பெர்ஷைட், விஸ்கான்சினின் எலைன் ஹாட்ஃபீல்ட் என்ற சமூக உளவியலாளர்கள் காதலை ஆராய அரசு 84,000 டாலர் கொடுத்திருந்தது. அரசின் வீண்செலவைக் கேலி செய்யவென்றே 'தங்கக் கம்பளி' என்றொரு விருதை ஏற்படுத்திய அந்தச் செனட்டர், வில்லியம் பிராக்ஸ்மையர், 1975இல் முதல் விருதை இந்த ஆராய்ச்சிக்குத்தான் கொடுத்தார். இருவருக்கும் வசைக் கடிதங்கள் வந்தன. அவர்கள் ஆராய்ச்சியை விடவில்லை. இன்று அந்தத் துறைக்கே அவர்கள்தாம் முன்னோடிகள்.

பெர்ஷைட் சொன்ன ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. நெடுநாள் சேர்ந்து வாழ்கிறவர்களின் அன்றாட வேலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அது தடையில்லாமல் ஓடும்வரை உணர்ச்சி வெளியே தெரிவதில்லை, அறுபடும்போதுதான் பொங்குகிறது. சத்தமில்லாத வீட்டைப் பார்த்துப் பாசமில்லை என்று சொல்லிவிட முடியாது.

என் முக்கூடல் அத்தையை உனக்குத் தெரியுமே. மாமா இலை வெட்டித் தருவார், அத்தை பீடி சுற்றுவாள். அளவுத் தகரத்தை இலைமேல் வைத்து அவர் வெட்டும்போதே, "ஓட்டையில்லாமல் வெட்டத் தெரியாதா" என்று ஏசுவாள். அவர் வாயே திறக்கமாட்டார். சித்திரையில் அவர் காலமானார். காரியம் முடியும்வரை அத்தை கலங்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றுகூடச் சிலர் பேசினார்கள். பிறகொரு நாள் நனைத்த இலையைப் பிரித்துக் கத்தரியைக் கையில் எடுத்தாள். பெருவிரல் நோகாமல் இருக்க மாமா அதன் பிடியில் துணி சுற்றி வைத்திருந்தார். அந்தப் பிடிக்குள் விரலை நுழைத்ததும் அத்தை கதறிய கதறலில் தெருவே கூடிவிட்டது.

உன் மகள் படிக்க விரும்புவது இதைத்தான், சண்முகம். தடுக்காதே. கட்டணத்துக்கு நெருக்கடி என்றால் தயங்காமல் எழுது. ஓய்வூதிய நிலுவை இப்போதுதான் வந்திருக்கிறது. தசராவுக்கு அவளை இங்கே அனுப்பு. சப்பரங்களையும் பார்க்கலாம், முக்கூடலுக்கு அழைத்துப் போய் அத்தையோடும் பேச வைக்கிறேன்.

உன் அன்பு நண்பன்,
இராமையா