கேட்பதற்கு முன்பே நீயே சொல்லிவிடு

ஆர்.கே.புரம், புது தில்லி

அன்புள்ள பாப்பாவுக்கு,

மியூனிக் துப்பாக்கி சுடும் போட்டிக்கு இந்த முறை நீ தனியாகப் போவதாக அம்மா சொன்னாள். உன் ஸ்கோரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அதை நீ பார்த்துக்கொள்வாய். குழுவோடு போகும்போது காகிதங்களை மேனேஜர் கவனித்துக்கொண்டார். இப்போது ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் நீ ஒருத்திதான் பொறுப்பு. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட். தில்லியிலிருந்து நேரடி விமானமாகவே எடு. காசு கொஞ்சம் கூட ஆகட்டும், நான் தருகிறேன். நடுவில் ஒரு ஊரில் மாறினால் அந்த நாட்டுச் சட்டமும் உன் ரைஃபிள் மேல் வந்து உட்காரும். விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் முன் அனுமதி கேட்கிற நாடுகள் உண்டு. போன வருஷம் உன் தோழியின் பெட்டி நடுவழியில் நின்றுபோய், தகுதிச் சுற்று முடிந்த பிறகு வந்து சேர்ந்ததே, மறந்திருக்க மாட்டாய். டிக்கெட் போட்ட அன்றே துப்பாக்கி கொண்டுபோவதை விமான நிறுவனத்துக்கு எழுதி, ஒப்புதலை எழுத்திலேயே வாங்கி வை. சில நிறுவனங்கள் இதற்குத் தனிக் கட்டணம் வாங்கும்.

அப்புறம் வரிசை எண். நான் ஆயுசு முழுக்க அரசாங்கக் கோப்பு பார்த்தவன், இதை அடித்துச் சொல்வேன். ரைஃபிளில் பொறித்திருக்கிற எண், லைசென்ஸ், போட்டி நடத்துபவர்களின் அழைப்புக் கடிதம், ஜெர்மனி அனுமதி, கஸ்டம்ஸ் தாள் என்று எல்லாவற்றிலும் அது ஒரே மாதிரி இருக்க வேண்டும். பூஜ்யம் எங்காவது 'ஓ' எழுத்தாக மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார். ஒரு எழுத்து பிசகினால் அங்கே உள்ள அதிகாரிக்கு அது வேறு துப்பாக்கிதான். அவர் மேல் தப்பில்லை.

தோட்டா கைப்பையில் கூடவே கூடாது. செக்-இன் சாமானில், கம்பெனி அட்டைப்பெட்டியிலேயே, ரைஃபிளிலிருந்து தனியாக இருக்க வேண்டும். ஓர் ஆளுக்குப் பெட்டி எடையோடு சேர்த்து 5 கிலோதான் கணக்கு. இன்னொருவருடைய பங்கைச் சேர்த்துக்கொள்ள முடியாது. 50 தோட்டா உள்ள சின்னப் பெட்டி 200 கிராமுக்குள்தான் இருக்கும். மண்டியிட்டு, படுத்து, நின்று சுடுகிற மூன்று நிலைப் போட்டியின் தகுதிச் சுற்றுக்கு இப்போது 60 குண்டுதானே, பயிற்சியைச் சேர்த்தாலும் தாராளம். உன் ரைஃபிள் பேரலுக்கு ஒத்துவருகிற அதே லாட்டை, அதாவது ஒரே தடவையில் தயாரான தோட்டாக்களை, இப்போதே எடுத்து வைத்துவிடு.

ஏர் ரைஃபிளையும் கொண்டுபோகிறாயாமே. அதற்கு நம் நாட்டில் லைசென்ஸ் வேண்டாம் என்பதால் சாதாரணமாக நினைக்காதே, விமானத்துக்கு அதுவும் ஆயுதம்தான். காற்று அடைத்த சிலிண்டரைக் கழற்றி, காற்றை முழுக்க இறக்கி, காலி என்று பார்த்தாலே தெரிகிற மாதிரி வை.

குறி பார்க்கிற டயாப்டரைக் கழற்றித் தனியாகச் சுற்றி வை. தோளில் பதிகிற பட் பிளேட், கன்னம் வைக்கிற சீக் பீஸ் இரண்டின் அளவுகளையும் நோட்டில் குறித்துக்கொள். உதிரி பாகங்களும் டூல்ஸும் பெரிய பெட்டியில் போகட்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதானதை நாம் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். அந்தப் பெண்ணே பாரிஸில் இரண்டு பதக்கம் வாங்கினாள் என்பது வேறு விஷயம். ஜாக்கெட், பேன்ட், ஷூ மூன்றையும் கையோடு வைத்துக்கொள். பெட்டி தாமதமானால் ரைஃபிளைக்கூட யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம், உன் உடம்புக்குத் தைத்த ஜாக்கெட்டை எங்கே போய்க் கேட்பாய்?

இதெல்லாம் ஓரளவு உனக்குத் தெரிந்ததுதான். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கவுன்டரில் நீ நிற்கிற விதத்தைப் பற்றி. துக்ளகாபாத் ரேஞ்சுக்குப் பஸ்ஸில் போகும்போது, பையைப் பார்த்து யாராவது "அது என்ன?" என்று கேட்டால் நீ என் பின்னால் ஒதுங்குவாய். டெர்மினல் மூன்றில் அப்படி ஒதுங்காதே. அவர்கள் கேட்பதற்கு முன்பே நீயே சொல்லிவிடு: "என்னிடம் போட்டி ரைஃபிள் இருக்கிறது, தோட்டா இல்லாமல் காலியாக இருக்கிறது, இதோ காகிதங்கள்." பாதுகாப்பு ஆட்கள் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். போல்ட்டைக் கழற்றி, தோட்டா நுழைகிற சேம்பரில், காலி என்று காட்டுகிற சேஃப்டி ஃப்ளாக்கைப் போட்டு வைத்திருந்தால் பார்த்த உடனே புரிந்துவிடும். எத்தனை பேர் திரும்பிப் பார்த்தாலும் குரலைத் தாழ்த்தாதே. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இதே மாதிரிப் பெட்டியோடுதான் ஊர் ஊராகப் போய் இந்தியாவுக்காகச் சுடுகிறாள். உனக்கும் அதே உரிமை இருக்கிறது.

கிளம்பும் அன்றே கஸ்டம்ஸில் காட்டி, திரும்பக் கொண்டுவருவதற்கான சான்றிதழை வாங்கிக்கொள். அது இல்லாவிட்டால், வரும்போது இது உன் பழைய ரைஃபிள்தான் என்று நிரூபிக்க நீ திண்டாட வேண்டியிருக்கும். மிச்சத் தோட்டாவையும் எண்ணி எழுதி வை.

நான்கு மணி நேரம் முன்னாலேயே போய்விடலாம். நான் வெளியே நிற்கிறேன். பெட்டி ஏறிவிட்டது என்று நீ மெசேஜ் போட்ட பிறகு வீட்டுக்குக் கிளம்புகிறேன்.

அன்புடன்,
அப்பா